சுண்ணாம்புச் சுவர் வீட்டில் புதிய சமையலறை, குளியலறை: பழையதும் புதியதும் ஒட்டும் இடங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மூன்று தலைமுறை பழைய வீடு. ஒன்றரை அடி தடிமனில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், மேலே மர விட்டங்கள், கனமான மரக்கதவுகள். உள்ளே இருட்டு. சுவரின் அடிப்பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசியும் பெயின்ட் பொரிந்து கொட்டுகிறது. இப்போது வசதியான சமையலறை, அதற்கு அடுத்து ஒரு குளியலறை, நல்ல வெளிச்சம் மூன்றும் வேண்டும். ஆனால் பழைய வீட்டின் முகம் மாறக் கூடாது. நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கலாமா, எந்த ஸ்டைல் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டைலை நான் கடைசியில்தான் எடுத்துக்கொள்வேன். ஈரத்தையும் பாரத்தையும் வேறு வேறு விதமாகக் கையாளும் இரண்டு கட்டுமானங்களை ஒரே கூரைக்கடியில் கொண்டுவரப் போகிறீர்கள். அவை எங்கெங்கே ஒட்டுகின்றனவோ அங்கேதான் வேலை கெடும். அழகும் அங்கேதான் தெரியும்.

முதலில் சுவர். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். அது எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்து வழக்கமாக வெகுகாலம் ஆனது. அதுவரை கட்டிய செங்கல் சுவர்களுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புதான் சாந்து. அந்தச் சுவர் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. தரையிலிருந்தும் மழையிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, வெயிலும் காற்றும் பட்டதும் மேற்பரப்பு வழியாக விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே சிக்கிய நீர் சிமென்ட் முடியும் இடத்தைத் தேடி மேலே ஏறும். ஆகவேதான் உங்கள் வீட்டில் பூசிய பட்டைக்கு ஒரு சாண் மேலே புதிதாகப் பொரிய ஆரம்பித்திருக்கிறது. நீரோடு வந்த உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகிப் பருக்கும்போது பெயின்டையும் பூச்சையும் தள்ளிவிடுகிறது. உதிர்ந்த இடத்தை விரலால் தடவினால் மாவு போல வெண்பொடி ஒட்டும், அதுதான் உப்பு. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, குப்பையைத் தரையில் விடாமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

சரிசெய்வது சுவரில் தொடங்குவதில்லை, வெளியே தரையில் தொடங்குகிறது. வெளித்தரை மட்டம் உள்தரையைவிட 150 மி.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மண்ணும் சிமென்ட் தளமும் ஏறி இந்த வித்தியாசம் மறைந்துபோன வீடுகள் மிக அதிகம். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தை ஓர் அடி அகலத்துக்கு எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் திருப்புங்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை உலர விடுங்கள். ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. 18 அங்குலச் சுவர் இருபுறமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம் என்று வருகிறது. அவ்வளவும் காத்திருக்க முடியாவிட்டாலும், மூன்று நான்கு மாதம் காற்றாட விடாமல் புதிய பூச்சு வைப்பது வீண் செலவு. புதிய பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூரான மணல். ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பூசும் முன் சுவரை நனையுங்கள். பூசிய பின் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது மெல்லக் காய விடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அது நடக்கத் துளி ஈரம் வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைத் திருப்பிவிட்டால் பூச்சு பொடிப்பொடியாக உதிரும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட், அக்ரிலிக் புட்டி இரண்டும் கூடாது. தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். அல்லது சுவரின் ஈரத்தை வெளியே விடும் சிலிகேட் பெயின்ட் அடிக்கலாம்.

பழைய பூச்சு சுண்ணாம்பா சிமென்டா என்று தெரியாவிட்டால் சாவியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு வெளுப்பாக, மிருதுவாகப் பொடியும். சிமென்ட் சாம்பல் நிறத்தில் கடினமாக எதிர்க்கும். வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், நாள்பட்ட சிமென்ட் பூச்சும் நுரைக்கும்.

நடுச்சுவர் விஷயத்தில் நேரில் பார்க்காமல் யார் 'இடிக்கலாம்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். நான் சொல்லக்கூடியது, எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. விட்டங்கள் அந்தச் சுவருக்குக் குறுக்காக ஓடி அதன் மேல் உட்கார்ந்திருந்தால் அது பாரம் தாங்கும் சுவர். சுவருக்கு இணையாக ஓடினால் ஒருவேளை தடுப்பாக இருக்கலாம். ஆனால் மேலே இன்னொரு சுவரோ கூரையின் முகட்டைத் தாங்கும் கால்களோ அதன் மேல் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சுவரின் தடிமனை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. விட்டத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஓரிரு மி.மீ.தான் இறங்கும்; அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அங்கே மரம் இற்றுப்போயிருக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பூஞ்சைக்கு வழி திறந்தாயிற்று. அந்த நிலையில் சுவரில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. விட்டம்தான் முதல் வேலை.

முழுச் சுவரையும் எடுப்பதைவிட நான்கடி அகல வழி ஒன்று திறப்பதே நல்லது என்பது என் கருத்து. சுவர்தான் அந்த அறைகளின் அளவைத் தீர்மானிக்கிறது. அது போனால் பழைய விட்டங்களும் கதவுகளும் திடீரென்று சிறுத்துத் தெரியும். திறப்பின் இருபுறமும் இரண்டடியாவது சுவர் மிஞ்சட்டும். கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு கையில் வந்த பிறகு வேலை நடக்கும் வரிசை இது. சுவரைக் குறுக்காகத் துளைத்து மூன்றடிக்கு மிகாத இடைவெளியில் எஃகுத் தண்டுகளை நுழைத்து, இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டு நிறுத்துவார்கள். முட்டுகளுக்கு அடியில் தடித்த பலகை போடாவிட்டால் பாரம் தரையைக் குத்திவிடும். பிறகு மேலிருந்து கீழாகச் செங்கல்லை எடுத்து இரும்பு உத்தரத்தை ஏற்றுவார்கள். அது இருபுறமும் 150 மி.மீ.க்குக் குறையாமல் சுவரில் உட்கார வேண்டும். அதுவும் நேரடியாகச் செங்கல்லின் மேல் அல்ல, ஒரு கான்கிரீட் திண்டின் மேல். சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது. திண்டு இல்லாமல் வைத்த உத்தரத்தின் முனை அந்த இடத்தை நசுக்கி, சில மாதங்களில் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளப்பும். உத்தரத்துக்கும் மேல் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையை இடித்து நிரப்பி, அது இறுகிய பிறகு முட்டுகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மாலைக்குள் முடித்துவிடலாம் என்று ஒரேயடியாக எடுப்பதால்தான் பெரும்பாலான விரிசல்கள் வருகின்றன.

வெளிச்சத்துக்காகத்தான் சுவரை எடுக்க நினைக்கிறீர்கள் என்றால் மேலே பாருங்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33-ஆம் லேனில் நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். அதற்குள் ஒளி வருவது பெரும்பாலும் சின்னச் சின்னத் திறந்த முற்றங்களிலிருந்தும் ஒளிக்கிணறுகளிலிருந்தும்தான். உங்கள் வீட்டிலும் இருண்ட அறையின் கூரையில் இரண்டடிக்கு மூன்றடி கண்ணாடி வைத்தால், நடுச்சுவரை எடுப்பதால் கிடைப்பதைவிட அதிக வெளிச்சம் கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு நிபந்தனை: அதற்காக விட்டத்தை வெட்டாமல், இரண்டு விட்டங்களுக்கு நடுவே அடங்கும் அளவில் வையுங்கள். கண்ணாடி, உடைந்தாலும் சில்லு கொட்டாத லேமினேட் வகையாக இருக்கட்டும். சுற்றிலும் நான்கு அங்குல உயரக் கரை கட்டி, தகட்டை மேல்பக்கம் ஓட்டுக்கு அடியிலும் கீழ்ப்பக்கம் ஓட்டுக்கு மேலும் வரும்படி மடியுங்கள். ஒழுகும் கூரைக் கண்ணாடிகளில் அநேகம் இந்த மடிப்பு தலைகீழாகப் போய் சிலிக்கானை நம்பி நிற்பவை. அதோடு உள் கதவுகளின் தலைக்கு மேல் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்.

இனி, ஒட்டும் இடங்கள். நினைவுச்சின்னங்களைப் பழுதுபார்க்க 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. அது வீடுகளுக்கான சட்டமல்ல. ஆனாலும் வீட்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. இத்தாலியின் வெரோனா நகரில், காஸ்டெல்வெக்கியோ என்ற பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா போட்ட புதிய தளம் பழைய சுவரைத் தொடாது. ஓரத்தில் ஒரு காடி விட்டு நின்றுவிடும். அந்த இடைவெளியே இது அன்றையது, இது இன்றையது என்று சொல்லிவிடுகிறது. இதை உங்கள் வீட்டில் செய்ய 10 முதல் 15 மி.மீ. நிழற்காடி போதும். புதிய ஜிப்சம் தடுப்போ பலகைச் சுவரோ பழைய சுவரைச் சந்திக்கும் கோட்டில் அலுமினியப் பட்டை வைத்து அந்த இடைவெளியை விடுங்கள். கண்ணுக்கு நன்றாக இருப்பது ஒரு பயன். இன்னொன்று, பழைய சுவர் பருவத்துக்குப் பருவம் அசையும். புதிய பலகையை அதோடு புட்டி வைத்து ஒட்டினால் முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் விழும். காடி விட்டால் விரிசல் விழ இடமே இல்லை.

சமையலறையையும் இதே முறையில் யோசியுங்கள்: சுவருக்குள் செதுக்கியதாக இல்லாமல், அறைக்குள் கொண்டுவந்து நிறுத்திய ஒரு சாமானாக. அலமாரிகளைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளிக் கால்களில் நிறுத்தினால் குழாயும் வயரும் அந்த இடைவெளியில் ஓடிவிடும். சுவரில் காடி வெட்ட வேண்டியதில்லை, சுவருக்கும் காற்று கிடைக்கும். எங்காவது வெட்டியே ஆக வேண்டும் என்றால் செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. உளியும் சுத்தியலும் வேண்டாம், கட்டர் போதும். அதிர்ச்சியில் சுண்ணாம்புச் சாந்து கலகலத்துவிடும். அலமாரிக்கு அளவெடுக்கும்போது சுவர் நேராக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தரைமட்டம், மேடை உயரம், தலை உயரம் மூன்றிலும் அகலத்தை அளந்து மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் அறை எவ்வளவு கோணல் என்று தெரியும். பழைய அறைகளில் 30 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். இரு ஓரங்களிலும் 40 மி.மீ. நிரப்புப்பட்டை ஒதுக்கி, அந்தப் பட்டையைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். தச்சருக்கு அரைநாள் வேலை அது. அதைத் தவிர்த்தால் எவ்வளவு விலையுயர்ந்த அலமாரியும் வாடகைக்கு எடுத்துவந்ததுபோல நிற்கும். மேடை உயரம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தாழ்வாக வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 85 முதல் 90 செ.மீ. வரை. மேல் அலமாரியைத் தொங்கவிடுவதானால், விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் பழைய மிருதுவான செங்கல்லைப் பிளந்துவிடும். ரெசின் ஊற்றிப் பதிக்கும் போல்ட்டைச் செங்கல்லின் நடுவில் வையுங்கள், சாந்து இணைப்பில் வேண்டாம். மேல் அலமாரியே இல்லாமல் ஒரு தடித்த மரத்தட்டோடு நிறுத்தினால் பழைய சுவர் கண்ணில் படும்; நான் அதைத்தான் விரும்புவேன்.

குளியலறை எங்கே என்பதை அழகு தீர்மானிப்பதில்லை, கழிவுக்குழாய் தீர்மானிக்கிறது. 100 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வேண்டும். மூன்று மீட்டர் ஓடினால் 75 மி.மீ. இறங்க வேண்டும். தரைக்கடியில் அந்த ஆழம் இல்லாவிட்டால் அறையின் தரையை உயர்த்த நேரும், பழைய கதவு அங்கே திறக்காது. ஆகவே கழிப்பறைக் கோப்பையை வெளிச்சுவரில் உள்ள செங்குத்துக் குழாய்க்கு மிக அருகில் வையுங்கள். மரத்தளத்தின் மேல் மாடியில் குளியலறை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: 50 மி.மீ. கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 120 கிலோ. அதைப் பழைய விட்டங்களின் தலையில் வைக்காதீர்கள். சிமென்ட் போர்டும் நீர்த்தடைப் பூச்சும் போதும். நீர்த்தடையை ஷவர் பக்கம் ஆறடி உயரம் வரை, மற்ற சுவர்களில் அரையடி வரை ஏற்றுங்கள். டைல் ஒட்டும் முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் பாருங்கள். குளியலறையில் மட்டும் சுண்ணாம்புச் சுவரின் மேல் நேரடியாக டைல் ஒட்டாமல், முன்னால் தனிச் சட்டம் நிறுத்தி அதில் ஒட்டுவதே பாதுகாப்பு.

தரைக்கு ஒரு யுக்தி. சமையலறையிலும் குளியலறையிலும் எப்படியும் புதிய தளம் போடப் போகிறீர்கள். அங்கிருக்கும் பழைய ஓடுகளை உடையாமல் பெயர்த்து, கூடத்தில் உடைந்திருக்கும் இடங்களை அவற்றால் நிரப்புங்கள். எவ்வளவு தேடினாலும் அதே நிறம், அதே தேய்மானம் கடையில் கிடைக்காது. பழைய தளமும் புதிய தளமும் சந்திக்கும் கோடு கதவு மூடியிருக்கும்போது கதவுப்பலகைக்கு நேர் அடியில் வரட்டும். அங்கே ஒரு பித்தளைப் பட்டை வையுங்கள். டைல், பசை எல்லாம் சேர்த்து எத்தனை மி.மீ. உயரும் என்று முன்பே கூட்டிப் பாருங்கள்.

பழைய கதவுகளை அறுத்துக் குட்டையாக்குவதும், உயரம் போதவில்லை என்று மேலே மரம் ஒட்டுவதும் கதவையே கெடுத்துவிடும். ஆறடி உயர நிலையை ஏழடித் திறப்பில் வைக்க வேண்டுமானால் நிலையை அப்படியே நிறுத்தி, தலைக்கு மேல் மிஞ்சும் ஓரடியில் அசையாத கண்ணாடி போடுங்கள். நிலையின் கால்கள் ஈரத்தரையைத் தொடாமல் ஒரு கல்லின் மேல் நிற்கட்டும். மரத்தின் குறுக்குவெட்டு முனை தண்ணீரை உறிஞ்சும். பழைய பெயின்டை எடுக்கும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் பாருங்கள். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-இல்தான். ஈயம் இருந்தால் காய்ந்த உப்புத்தாள் போடக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மின்சாரத்தில் பழைய ரப்பர், துணி சுற்றிய வயர் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (RCCB) கட்டாயம். வயரை மறைக்கச் சுவரைக் குடைவதைவிட, உலோகக் குழாயில் விட்டத்தின் ஓரமாக நேர்க்கோட்டில் வெளியே ஓட்டுவது நல்லது. கோணல் இல்லாமல் போட்டால் அது வீட்டுக்கு அழகு. விளக்கின் ஒளி நிறம் 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்), நிறத்துல்லியக் குறியீடு (CRI) 90-க்கு மேல். நீலம் கலந்த வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் மலிவு எல்இடியின் கீழ் மரம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

ஸ்டைல் பற்றி நான் சொல்வது என் கண்பழக்கம்தான், மேலே சொன்னவற்றைப் போல உறுதியான விஷயமல்ல. புதிதாக வருபவற்றில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்: ஒரு மரம், ஒரு கல், ஒரு உலோகம். அலமாரிக் கதவுகளில் பழைய கதவின் செதுக்கலைக் காப்பியடிக்காமல் தட்டையாக விடுங்கள், அப்போதுதான் பழைய கதவின் செதுக்கல் கண்ணில் படும். வேறு வீட்டிலிருந்து தூண் வாங்கிவந்து எதையும் தாங்காமல் நிறுத்துவதைத் தவிர்க்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் விட்டம் உண்மையாகவே பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் பொய்த்தூண் நின்றால் அதன் மதிப்பும் குறையும். இதில் மாற்றுக் கருத்து உள்ள நல்ல வடிவமைப்பாளர்களும் உண்டு.

வேலையின் வரிசை: கூரை, வெளி வடிகால், விட்டம், திறப்பு, குழாயும் வயரும், பூச்சு, தளம், தச்சு, வெள்ளையடிப்பு. எதையும் மூடும் முன் குழாயும் வயரும் ஓடும் பாதையை அளவு நாடாவோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். இந்த வாரமே தொடங்க வேண்டும் என்றால், ஒரு தூக்குக்குண்டு, ஒரு அளவு நாடா, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஒவ்வொரு விட்டத்தின் இரு நுனிகளையும், சுவருக்கு வெளியே தரைமட்டத்தையும் பார்த்துக் குறித்து வாருங்கள். விட்டங்கள் ஓடும் திசை குறித்த ஒரு கைவரைபடத்தையும் அந்த அளவுகளையும் இங்கே போட்டால், பொறியாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.